எட்டரை மணிக் கையெழுத்து

காலை ஏழு மணிக்கு மூன்றாம் மாடி வார்டுக்குள் நுழைந்த சாவிக்காரர், வழக்கம்போல முதல் வேலையாகப் பதிவேட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ‘மேல்ஜன்னல்கள் திறந்த நேரம்’ என்ற கட்டத்தில் எட்டரை என்று எழுதினார். ‘மூடிய நேரம்’ என்ற கட்டத்தில் ஆறு என்று எழுதினார். இரண்டுக்கும் நேராகக் கையெழுத்துப் போட்டார். முந்தைய நாள் இரவு எட்டரைக்கு அவர் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். காலை ஆறு மணிக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகியபோது முகத்தில் எந்த உறுத்தலும் இல்லை. பொய் பழகிப்போனால் அதுவும் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிடுகிறது.

“அண்ணே, கையெழுத்து ஆச்சா?” நான்காம் கட்டிலிலிருந்து கொத்தனார் கேட்டார்.

“ஆச்சுப்பா.”

“நல்லது. ஒரு நாள்கூட விட்டதில்ல நீங்க.”

அந்தப் பேச்சில் குத்தல் இருந்ததா என்று சாவிக்காரர் திரும்பிப் பார்த்தார். கொத்தனார் மல்லாந்து படுத்தபடி கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரால் கூரையை மட்டுமே பார்க்க முடியும்.

சாவிக்காரருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. இடுப்பில் கனமான சாவிக்கொத்து, நடந்தால் கிணுகிணுவென்று சத்தம். டாக்டர்கள் முதல் துணி துவைப்பவர்கள் வரை எல்லோருக்கும் அவர் சாவிக்காரர்தான். பதினெட்டு வருடமாக அந்த மருத்துவமனையின் கட்டடப் பராமரிப்பு அவர் கையில். மோசமான மனிதர் அல்ல. குழாய் சொட்டினால் தாங்கமாட்டார். கட்டில் சக்கரம் கிரீச்சிட்டால் யாரும் சொல்லாமலே எண்ணெய் விடுவார்.

மூன்றாம் மாடி வார்டு முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கானது. ஒன்பது கட்டில்கள், ஒன்பது ஆண்கள். சாரத்திலிருந்து விழுந்தவர்கள், லாரி மோதியவர்கள், பாரம் சரிந்து நசுங்கியவர்கள். அவர்களுக்குப் போனது கை கால் மட்டுமல்ல. அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு வியர்க்காது. மற்றவர்களுக்கு வெயில் என்பது புழுக்கம். அவர்களுக்கு அது நோய். அந்த வார்டோ மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன்பு அங்கே புதுக் கூரை வந்தது.

கூரையை வடிவமைத்தவர் ஒரு பெண் பொறியாளர். வேலை முடிந்த நாளில் சாவிக்காரரை ஏணியில் ஏற்றி, தகடுகளுக்குள் இருந்த வெள்ளைக் கட்டியைத் தொடவைத்தார்.

“மெழுகு மாதிரி இருக்குல்ல? மெழுகுக்குச் சொந்தந்தான். இருபத்தாறு டிகிரி தாண்டினா இது உருக ஆரம்பிக்கும். உருகறதுக்குச் சூடு வேணும். அந்தச் சூட்டை ரூம்ல இருந்து இழுத்துக்கும். அதனால பகல் முழுக்க உள்ள சூடேறாது. கரண்ட் போனாலும் கவலையில்ல.”

“மெஷின் எதுவும் வேணாமாம்மா?”

“எதுவும் வேணாம். ஆனா பகல்ல குடிச்ச சூட்டை அது ராத்திரி கக்கியாகணும். வெளிக்காத்து பட்டு மறுபடி உறைஞ்சாத்தான் மறுநாள் உருக முடியும். அதுக்குத்தான் மேல பன்னெண்டு ஜன்னல். எட்டரைக்குத் திறக்கணும், காலையில ஆறுக்கு மூடணும். அது நடக்கலன்னா இந்தக் கூரை வெறும் தகரம்.”

கூரையின் நடுவே ஒரு தகடு மட்டும் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டிருந்தது. உள்ளே இருக்கும் பொருள் உறைந்திருந்தால் பால் வெள்ளை, உருகியிருந்தால் தண்ணீர். வார்டில் வெப்பநிலையைத் தானாகப் பதியும் கருவி வைக்கவும் பொறியாளர் கேட்டிருந்தார். மேலிடத்து ஒப்புதலின்போது அதை அடித்துவிட்டார்கள். பதிவேடு இருக்கிறதே, அது போதும் என்றார்கள்.

முதல் கோடையில் சாவிக்காரர் ஒழுங்காகச் செய்தார். மாலை ஆறு மணிக்குப் பணி முடிந்து வீட்டுக்குப் போவார். எட்டு மணிக்கு மீண்டும் சைக்கிளை மிதித்து வந்து, நீளமான கொக்கிக் கம்பால் பன்னிரண்டு ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளித் திறப்பார். காலை ஆறுக்கு வந்து மூடுவார். வெளியே தார் இளகிக் கிடந்த நாட்களிலும் வார்டுக்குள் நுழைந்தால் மரத்தடிக்கு வந்ததுபோல் இருக்கும். மற்ற மாடிகளின் செவிலியர்கள் அங்கே வந்து நின்றுவிட்டுப் போவார்கள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கொசு வருகிறது என்று செவிலியர் முணுமுணுத்தார். ஒரு நாள் மழைச் சாரல் அடித்து இரண்டு படுக்கைகள் நனைந்துபோக, மருத்துவமனைக் கண்காணிப்பாளர் எல்லோர் முன்னாலும் சாவிக்காரரைத் திட்டினார். இரவுக் காவலரிடம் இந்த வேலையை ஒப்படைக்கிறோம் என்றவர்கள், அந்தப் பேச்சை அதோடு மறந்தார்கள். ஒரு நாள் அவருடைய மகளின் பள்ளியில் ஆண்டு விழா. அன்று எட்டரைக்கு வர முடியவில்லை. மறுநாள் காலை கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் கேள்வி வருமே என்று எழுதிவிட்டார். யாரும் கேட்கவில்லை. கூரை இடிந்து விழவில்லை. வாரக் கடைசியில் கண்காணிப்பாளர் வந்து பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அப்போது குளிர்காலம் தொடங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன. வாரத்தில் ஒரு நாள் விடுபட்டது. பிறகு மூன்று நாள். பிறகு வந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம் என்றாகி, கடைசியில் அதுவும் நின்றது. மறுபடி கோடை வந்தபோது பழக்கம் விட்டுப்போயிருந்தது. கையெழுத்துப் பழக்கம் மட்டும் விடவில்லை.

கொத்தனார் அந்த வார்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். நான்காவது மாடிச் சுவருக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தவர். வாய்த்துடுக்கு மட்டும் உடையவில்லை. “நான் சுவத்துக்குப் பூசறவன். எனக்கு மேல மெழுகுக் கூரை. பூசி மெழுகறதுக்கு இந்த வார்டை அடிச்சுக்க ஆளே கிடையாது” என்பார். ஒன்பது பேரும் சிரிப்பார்கள். நாள் முழுவதும் கூரையையே பார்த்துக் கிடந்ததில், எந்தத் தகடு எந்த நேரத்தில் உருகும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கோடை, வருவதற்கு முன்பே மிரட்டியது. பத்து நாட்களாக அனல். நான்காம் நாள் காலை கொத்தனார், “அண்ணே, நடுத் தகடு தண்ணியாவே நிக்குது” என்றார். “பார்க்கிறேன்” என்றார் சாவிக்காரர். ஆறாம் நாள், “இன்னும் உறையல அண்ணே” என்றார். “வெயில் ஜாஸ்திப்பா, நேரம் எடுக்கும்” என்றார் சாவிக்காரர், வாய்க்கு வந்ததை. ஒன்பதாம் நாள் மாலை, வீட்டுக்குக் கிளம்பும்போது கொத்தனார் அவரை அருகே அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க திறக்கறதில்லன்னு இங்க ஒன்பது பேருக்கும் தெரியும். நாங்க எங்க போகப்போறோம், படுத்துக்கிட்டு மேலதானே பாக்கறோம்.”

சாவிக்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. “யார்கிட்டயாவது சொன்னியா?”

“சொல்லல. சொல்ல வேணாம்னு மத்தவங்களையும் நான்தான் தடுத்து வெச்சிருக்கேன். நான் விழுந்தப்போ எங்க மேஸ்திரியை வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. அவரு பிள்ளைங்க படிப்பு பாதியில நின்னுபோச்சு. நான் விழுந்ததுக்கு ஒரு குடும்பம் போனது போதும். உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்குல்ல.” கொஞ்சம் நிறுத்தினார். மூச்சு வாங்கியது. “ஆனா தாங்க முடியல அண்ணே. தலைக்குள்ள கொதிக்கிற மாதிரி இருக்கு. அந்த மூலைக் கட்டில் பெரியவர் ரெண்டு நாளா சரியாப் பேசறதில்ல. இன்னைக்கு ஒரு நாளாச்சும் திறந்து விடுங்களேன்.”

சாவிக்காரர் அன்று வீட்டுக்குப் போகவில்லை. எட்டரை மணிவரை வார்டு வாசலிலேயே நின்றார். துருப்பிடித்துக் கிடந்த கொக்கிக் கம்பைத் தேடி எடுத்தார். இறுகிப்போயிருந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றும் நெம்பித்தான் திறந்தன. பன்னிரண்டையும் திறந்து முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “போதும்ணே, கை வலிக்கப் போவுது” என்றார் கொத்தனார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

காலை ஆறு மணிக்கு அவர் மூட வந்தபோது கொத்தனார் விழித்திருந்தார். “அண்ணே, பாருங்க, ஓரத்துல வெள்ளை பிடிச்சிருக்கு.”

சாவிக்காரர் அண்ணாந்து பார்த்தார். நடுத் தகட்டின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு மெல்லிய வெள்ளைக் கோடு. மீதி எல்லாம் தண்ணீர். “இன்னும் நாலஞ்சு நாள் விடாமத் திறந்தா முழுசா உறைஞ்சிடும். இனிமே தினமும் நானே வரேன்” என்றார். அன்றைக்கு அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

பத்து மணிக்குள் அந்தக் கோடு கரைந்துபோனது. ஒன்றரை மணிக்குத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மின்விசிறிகள் நின்றன. ஜெனரேட்டரின் மின்சாரம் அறுவை சிகிச்சைக் கூடத்துக்கும் தீவிரப் பிரிவுக்குமே சரியாக இருந்தது. லிஃப்டும் நின்றுவிட்டது. வார்டுக்கு இருந்த ஒரே காவல் தலைக்கு மேல் இருந்த கூரைதான். அதுவோ பத்து நாட்களாகக் குடித்த சூட்டைக் கக்க வழியில்லாமல் நிரம்பி வழிந்து நின்றது. மொட்டை மாடியின் வெயில் தடையில்லாமல் உள்ளே இறங்கியது.

இரண்டு செவிலியர்கள் ஈரத் துணிகளோடு கட்டிலுக்குக் கட்டில் ஓடினார்கள். துணி போட்ட வேகத்தில் காய்ந்தது. மூன்று மணிக்கு எல்லோரையும் கீழே இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஸ்ட்ரெச்சரில் வைத்து, படி வழியாக, நான்கு நான்கு பேராகத் தூக்கினார்கள். சாவிக்காரர் ஒன்பது முறையும் ஏறினார், ஒன்பது முறையும் இறங்கினார். கொத்தனாரைத் தூக்கியபோது சாவிக்காரரின் கை அவர் தோளில் பட்டது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் இருந்தது உடம்பு.

“தம்பி, இதோ கீழ போயிட்டோம். கண்ணைத் திறந்து பாருப்பா.”

கொத்தனார் ஏதோ முனகினார். அது என்னவென்று யாருக்கும் புரியவில்லை.

மூலைக் கட்டில் பெரியவர் அன்று மாலையே இறந்தார். கொத்தனார் மறுநாள் காலையில் இறந்தார். மற்ற ஏழு பேரையும் வேறு வேறு மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பிவிட்டார்கள்.

விசாரணை ஒரு வாரத்தில் வந்தது. மூன்று அதிகாரிகள் கண்காணிப்பாளர் அறையில் உட்கார்ந்தார்கள். பொறியாளரையும் அழைத்திருந்தார்கள். மேசை மேல் பதிவேடு விரித்து வைக்கப்பட்டிருந்தது. எட்டரை, ஆறு. எட்டரை, ஆறு. பக்கம் பக்கமாக ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஒவ்வொரு வாரத்தின் கீழும் கண்காணிப்பாளரின் கையெழுத்து.

பொறியாளர் பதிவேட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவிக்காரரிடம் நேராகக் கேட்டார்.

“தினமும் திறந்தீங்களா?”

உண்மையைச் சொல்ல அவருக்கு அந்த அறையில் ஒரு நொடி கிடைத்தது. வேலை கண் முன்னால் வந்தது, மகள் வந்தாள், சிறை வந்தது. கண்காணிப்பாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திறந்தேம்மா.”

“மழை நாள்லகூட?”

“எல்லா நாளும்.”

பொறியாளர் அதற்கு மேல் கேட்கவில்லை. “அப்படீன்னா நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்” என்று மெதுவாகச் சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அந்த வார்டில் படுத்திருந்தவர்களில் ஒருவரையும் விசாரணைக்குழு கேட்கவில்லை. நடக்க முடியாதவர்களிடம் ஜன்னலைப் பற்றி என்ன கேட்பது என்று நினைத்திருப்பார்கள்.

அறிக்கை சுருக்கமாக இருந்தது. பராமரிப்பில் குறையில்லை, கூரைப் பொருள் எதிர்பார்த்தபடி செயல்படவில்லை, அகற்றிவிடலாம். கட்டிக்கொண்டிருந்த இரண்டு பள்ளிகளுக்கும் ஒரு பிரசவ விடுதிக்கும் இதே கூரையைப் போட முடிவாகியிருந்தது. அதையும் ரத்து செய்தார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கொத்தனாரின் மனைவி கணவரின் பொருட்களை வாங்கிப்போக வந்தார். ஒரு சீப்பு, இரண்டு சட்டை, ஒரு சிறிய வானொலி. அலமாரியைத் திறந்துகொடுத்தவர் சாவிக்காரர்தான்.

“நீங்கதானே சாவிக்கார அண்ணன்?” என்றார் அவர். “உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேசுவாரு. கடைசியா நான் வந்தன்னைக்குக்கூடச் சொன்னாரு, அண்ணன் நல்ல மனுஷன், ஒரு வார்த்தை கேட்டா தட்டமாட்டாருன்னு. அவரைத் தூக்கிட்டு இறங்கினதும் நீங்கதானாம். ரொம்ப நன்றிண்ணே.”

அந்த அம்மாள் படியிறங்கிப் போனதும் சாவிக்காரர் நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். இருந்ததை இருந்தபடி சொன்னார்.

கண்காணிப்பாளர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “இப்ப இதைச் சொல்லி என்ன ஆகப்போகுது? போனவங்க திரும்பி வருவாங்களா?”

“வரமாட்டாங்க சார். ஆனா அந்தக் கூரை மேல பழி...”

“கூரைக்கு வலிக்குமாய்யா? அந்தப் பதிவேட்டுல உன் கையெழுத்து மட்டுமா இருக்கு? என்னுதும் இருக்கு. போய் வேலையப் பாரு.”

அவர் வேலையைப் பார்க்கப் போனார். வேலை என்ன தெரியுமா? கூரையைப் பிரிப்பதற்கு வந்தவர்களுக்கு வார்டைத் திறந்துவிடுவது. தகடுகளைக் கழற்றி லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பொறியாளர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாவிக்காரர் அவரிடமும் சொன்னார்.

பொறியாளர் கோபப்படவில்லை. அதுதான் சாவிக்காரருக்குத் தாங்கவில்லை. “பதினோரு ராத்திரி தூங்காம கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன்” என்றார். “எங்க தப்புன்னே பிடிபடல. எழுதிக் குடுப்பீங்களா?”

அன்றே எழுதிக்கொடுத்தார். பொறியாளர் அதை மேலிடத்துக்கு அனுப்பினார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பொய்யான பதிவு செய்ததற்காகச் சாவிக்காரருக்கு வேலை போயிற்று. கண்காணிப்பாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அறிக்கையைத் திருத்துவது பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. பிரித்த கூரை பிரித்ததுதான். பள்ளிகளுக்கும் பிரசவ விடுதிக்கும் வெறும் கான்கிரீட் தளமே போடப்பட்டது. அடுத்த கோடையில் அங்கே யார் படுப்பார்கள், எந்தக் குழந்தை அங்கே பிறக்கும் என்று நினைத்தால் சாவிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியான வேளையில் கொத்தனாரின் வீட்டைத் தேடிக்கொண்டு போனார். ஒற்றை அறை. கொத்தனாரின் மனைவி தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சட்டைக் கைகள் குவிந்து கிடந்தன. சாவிக்காரர் உட்காரவில்லை. வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கொத்தனார் தனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பதையும் மறைக்கவில்லை.

அந்தப் பெண் தைப்பதை நிறுத்தினார். அழவில்லை.

“அசதியில ஒருத்தர் ஜன்னலைத் திறக்காம விடறது எனக்குப் புரியுது” என்றார். “எனக்கும் அசதி தெரியும். முடியலன்னா முடியலன்னு அந்தக் கட்டத்தைச் சும்மா விட்டிருக்கலாமே அண்ணே. சும்மா இருந்திருந்தா யாராவது ஒருத்தர் பாத்து ஏன்னு கேட்டிருப்பாங்க. கேட்டிருந்தா வேற யாராவது வந்து திறந்திருப்பாங்க. எங்க வீட்டுக்காரர் உங்ககிட்டக் கெஞ்ச வேண்டியிருந்திருக்காது.”

சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“செய்யாம விட்ட வேலையை இன்னொருத்தர் செஞ்சிடலாம். செஞ்சாச்சுன்னு எழுதி வெச்ச வேலையை யாரும் செய்ய வரமாட்டாங்க. இதை எனக்குச் சொல்லி என்ன பண்ண? இனிமே எங்க போனாலும், கையில பேனா வெச்சிருக்கறவங்களா பாத்து இதைச் சொல்லுங்க.”